ராமென் கிண்ணமும் எச்சில் தட்டும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போக இரண்டு சாலைகள் உண்டு. கடலோரமாகப் போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. அதற்கு மேற்கே நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போவது பழைய மகாபலிபுரம் சாலை. பெயர்தான் 'பழைய', புதுமையெல்லாம் இந்தச் சாலையில்தான் குடியேறியிருக்கிறது! ஏகாட்டூரில் 'மெரினா மால்' என்ற பிரம்மாண்டமான அடுக்குமாடிக் கடைவீதி; சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள்; கேளம்பாக்கத்தில் உப்பளம். 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான செங்கற்பட்டின் எல்லைக்குள் இத்தனையும் அடக்கம்.

அயல்நாட்டுச் சாப்பாடு இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. மாமல்லபுரம் பல்லவர் காலத்துத் துறைமுகம் ஆயிற்றே! இன்றும் அங்கே ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டு யாத்ரிகர்களுக்கு நூடுல்ஸ் சமைத்துப் போடும் ஓட்டல்கள் இருக்கின்றன. போக்குவரத்து இப்போது எதிர்த் திசையிலும் நடக்கிறது. கம்ப்யூட்டர் உத்தியோகத்தை முன்னிட்டு ஜப்பானுக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள் பல. டோக்கியோவில் நிஷி-கசாய் என்ற பேட்டையில் இந்தியர் நிறையப் பேர் வசிக்கிறார்கள். நாளைக்கு உங்கள் மகளோ மருமகளோ அங்கிருந்து டெலிபோனில், "அம்மா, இன்றைக்கு மாலில் ராமென் சாப்பிட்டோம்!" என்று சொன்னால் நீங்கள் விழிக்கக் கூடாது அல்லவா? வாருங்கள், கற்பனை விமானத்தில் ஏறி ஒரு நடை போய் வந்து விடுவோம். செலவு ஒன்றும் இல்லை.

கிண்ணத்துக்குள் என்ன?

ராமென் என்பது கோதுமை மாவில் செய்த நூலிழைப் பலகாரம். நம் இடியாப்பத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்கள். நாம் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால் ஊற்றுகிறோம். அவர்கள் கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றுகிறார்கள். மாவு பிசையும்போது 'கான்சுய்' என்ற கார உப்பு நீரைச் சேர்ப்பார்கள். அப்பள மாவில் நாம் அப்பளக்காரம் சேர்ப்பதில்லையா? அந்த மாதிரிதான். இழைக்கு மஞ்சள் நிறமும், இழுத்தால் துவளும் பதமும் அதனால்தான் வருகின்றன.

ஒரு வேடிக்கை: ஜப்பானின் செல்லப் பிள்ளையான ராமென் பிறப்பால் ஜப்பானியன் அல்ல! சீனர்கள் யோகோஹாமா முதலிய துறைமுகப் பட்டினங்களில் வந்து குடியேறியபோது அவர்களோடு வந்தது. 1910-இல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் 'ராய்ராய்கென்' என்ற கடையை ஒரு ஜப்பானியர் திறந்தார். சமைக்க யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை வரவழைத்தார். 1958-இல் மொமொஃபுகு ஆண்டோ என்பவர் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் ராமெனைக் கண்டுபிடித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் 'இரண்டு நிமிஷத்தில் கொடு' என்று அடம் பிடிக்கிறார்களே, அந்தப் பலகாரத்தின் மூதாதை அதுதான்.

சைவ உணவுக்காரர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மேலே மிதக்கும் துண்டுகளை ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைத்து விடாதீர்கள். சூட்சுமம் ரசத்தில் இருக்கிறது! பன்றி எலும்பையோ கோழியையோ மணிக் கணக்கில் கொதிக்கவிட்டு இறக்கியது அது. கட்சுஒபுஷி என்ற உலர்ந்த மீனும் பல கடைகளில் சேரும். சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டையாக உலர்த்துவார்கள். தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைத் தமிழர்களும், "அட, இது நம் மாசிக் கருவாடு!" என்று சிரிப்பார்கள்.

துண்டு போட்டு இடம்

நகோயா நகரில் 'சுகாகியா' என்று ஒரு கடை. 1946-இல் தொடங்கியது. அந்த வட்டாரத்து மால்களில், பல கடைகள் கூடியுள்ள சாப்பாட்டுக் கூடங்களில், இதன் கிளைகளைப் பார்க்கலாம். மலிவு விலை ராமெனும் ஐஸ்கிரீமும் இங்கே பிரசித்தம். சாப்பிடக் கரண்டியும் முள்ளும் ஒன்றான ஒரு கருவி தருகிறார்கள். வீணாகும் மரக் குச்சிகளைக் குறைப்பதற்காக 1978-இல் செய்த யுக்தி.

முதலில் இடம் பிடிக்க வேண்டும். மேஜை மீது கைக்குட்டையையோ பையையோ வைத்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது போலத்தான். ஆனால் அங்கே சண்டை வருவதில்லை! பணம் கட்டினால், கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுப்பார்கள். சாப்பாடு தயாரானதும் அது கிர்ரென்று அலறும். தண்ணீரை நாமே பிடித்துக் கொள்ள வேண்டும். ராமெனை உறிஞ்சும் சப்தத்தைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல. கையில் ரசம் வாங்கி உறிஞ்சிய நமக்குத் தெரியாத சங்கதியா?

தட்டு எங்கே போகிறது?

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய காட்சி. சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவரே தூக்குகிறார்கள். தட்டைத் திருப்பித் தர ஒவ்வொரு கடையிலும் ஒரு ஜன்னல் உண்டு. மிச்சம் மீதியை அங்கே சேர்த்து, கிண்ணத்தை வைத்துவிட்டு வருகிறார்கள். பல கூடங்களில் மேஜை துடைக்கத் துணியும் வைத்திருக்கிறார்கள். கோட்டும் டையும் அணிந்த கனவான் குனிந்து மேஜை துடைப்பது அங்கே அதிசயம் அல்ல. பள்ளிக்கூடத்திலேயே பழகிய வழக்கம் அது. மதிய உணவை முறை வைத்துப் பரிமாறுவதும் ஒழிப்பதும் அங்கே பிள்ளைகளின் வேலை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் இல்லை.

நம் சாலைக்கு வருவோம். இங்குள்ள மால்களிலும் சாப்பாட்டுக் கூடம் உண்டு, பளபளப்புக்கும் குறைவில்லை. ஆனால் சாப்பிட்டவர் கையை உதறிக் கொண்டு எழுந்து விடுகிறார். பாதி தின்ற பரோட்டாவும் கசங்கிய காகிதமும் மேஜையிலேயே கிடக்கும். சீருடை அணிந்த ஒரு அம்மாள் மௌனமாக வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவாள். அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. 'அதற்குத்தானே சம்பளம்?' என்று கேட்கலாம். சம்பளம் துடைப்பதற்கு, நம் அலட்சியத்தைத் தாங்குவதற்கு அல்ல. மேலும், எச்சில் என்பது நம் ஊரில் வெறும் அழுக்கு மாத்திரம் அல்ல. அதை யார் தொடுவது, யார் தொடாமல் இருப்பது என்று ஒரு பழைய கணக்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கில் வீட்டிலே பெண்ணும், வெளியிலே ஏழையும்தான் எப்போதும் கடனாளிகள்.

இது நமக்கு வராத வித்தை என்று சொல்ல முடியுமா? 1956-இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது விரிவாகத் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாயிற்று. செங்கற்பட்டுக் கிராமத்துப் பள்ளி எதற்காவது மத்தியானம் போய்ப் பாருங்கள். சாப்பிட்ட தட்டைக் குழாயடியில் தானே கழுவி வைக்கும் பையனைக் காண்பீர்கள். அதே பையன் வீட்டுக்குப் போனதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து விடுகிறான். பள்ளியில் வந்த பழக்கம் வாசற்படியில் ஏன் நின்று போகிறது?

அதற்குப் பதில் நம் கையில் இருக்கிறது, சகோதரிகளே! ராமென் செய்யத் தெரியாவிட்டால் குடி முழுகிப் போகாது. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், பெண்ணிடம் சொல்வதைப் பிள்ளையிடமும், பிள்ளையிடம் சொல்வதை அவன் தகப்பனாரிடமும் சொல்லிப் பாருங்கள்: "உங்கள் தட்டை நீங்களே எடுத்து வையுங்கள்."