எந்த மொழியில் எழுதி விற்பது?



உங்கள் இல்லத்தில் புதிதாக வாங்கிய கைலி ஏதேனும் பிரிக்கப்படாமல் இருக்குமானால், அதன்மேல் ஒட்டியுள்ள லேபிளைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். எந்த மொழியில் எழுதியிருக்கிறது? அதை உங்கள் வீட்டில் துணி துவைப்பவர் படிக்கக்கூடுமா? எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண்பதற்குள் நான் ஒரு பெரிய பாடம் படிக்க வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத் தொழில் கைலி வணிகம். மேலப்பாளையத்தில் தறி நெய்வோரிடம் சரக்கு எடுத்துக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று கொண்டுபோய் விற்றவர் என் வாப்பா. அவர் காலத்தில் லேபிள் கிடையாது. கடையில் உட்கார்ந்து, துணியை விரித்து, "முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக நனையுங்கள், சாயம் நிற்கும்" என்று வாயாலேயே சொல்லி வருவார். கடைக்காரர் அதை வாங்குவோருக்குச் சொல்வார். தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உப்புக்குப் பெயர் ஏறக்குறைய உப்புதான். ஆகவே வாப்பாவின் பேச்சு எங்கும் விளங்கிற்று.

நான் பொறுப்பேற்றதும் காலத்திற்கேற்ப வண்ண லேபிள் அச்சிட முனைந்தேன். நான்கு மாநிலத்திற்கும் நான்கு விதமாக அச்சிட்டால் செலவு கூடும் என்று அஞ்சி, எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே போட்டுவிட்டேன். பெயர், நீளம், விலை, துவைக்கும் முறை அனைத்தும் ஆங்கிலம். பார்ப்பதற்கும் கௌரவமாக இருந்தது. இது நடந்தது 1997இல்.

சில மாதங்களில் பணம் வசூலிப்பதற்காக மலப்புறம் மாவட்டத்து ஊரொன்றிற்குச் சென்றேன். கடையில் ஒரு மூதாட்டி எனக்காகக் காத்திருந்தார். கையில் எங்கள் சிவப்புக் கட்டம் போட்ட கைலி. அதனுடன் ஒரு வெள்ளைக் குப்பாயம். குப்பாயம் முழுவதும் சிவப்புத் திட்டுகள். பேத்தியின் நிக்காஹ்வுக்கு அணிவதற்கென்று தைத்து வைத்திருந்ததாம். இரண்டையும் ஒன்றாக ஊறப்போட்டுவிட்டார்.

"தனியாக நனைக்க வேண்டும் என்று லேபிளில் எழுதியிருக்கிறோமே, உம்மா" என்றேன். என் குற்றமில்லை என்று காட்டும் அவசரம் எனக்கு.

அவர் லேபிளை எடுத்து என் முன்னால் வைத்தார். "மோனே, பேரக் குழந்தைகளோடு உட்கார்ந்து இந்த வயதில் எழுத்துப் படித்தேன். பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறுகிறேன். இதில் நான் படிக்க ஓர் எழுத்துக்கூட இல்லையே. இது எனக்கு எழுதியதா, உனக்கு நீயே எழுதிக்கொண்டதா?" என்றார்.

வாசகர்களே, 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று உலகுக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? சேலக்கோடன் ஆயிஷா என்னும் மலப்புறத்துப் பெண்மணி; முதிய வயதில் எழுத்துக் கற்றவர். அவரைப்போல் எத்தனையோ தாய்மார்கள் பாடுபட்டுக் கற்ற எழுத்தை, சில ரூபாய்களை மிச்சப்படுத்துவதற்காக நான் ஒதுக்கியிருந்தேன். குப்பாயத்திற்கும் கைலிக்கும் உரிய தொகையைக் கொடுத்தேன். குப்பாயத்தின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, "கைலி நன்றாகத்தான் இருக்கிறது" என்று மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஊர் திரும்பி வாப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியை நினைவுபடுத்தினார். "படிக்கத் தெரியாத மொழியில் எழுதுவதும் ஈரத்தை உள்ளே வைப்பதுதான்" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

எந்தெந்த மொழியில் அச்சிடுவது என்று பலரிடம் யோசனை கேட்டேன். ஒரு முகவர், "நம் வாடிக்கையாளர்களில் முஸ்லிம்கள் அதிகம், உருதுவில் போட்டுவிடுங்கள், எல்லா ஊருக்கும் ஒன்றே போதும்" என்றார். இதுவும் பிழை என்பதைச் சிந்தித்தபோது உணர்ந்தேன். மலப்புறத்து முஸ்லிம் படிப்பது மலையாளம். நாம் படிப்பது தமிழ். பெங்களூரில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆயினும் அங்குள்ள இளைஞர் பலர் பள்ளியில் கற்றது கன்னடமும் ஆங்கிலமும். கோலார் தங்கவயலில் தலைமுறைகளாகத் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகளிலும் கன்னடமே எளிதாகப் படிப்போர் உண்டு.

பேசும் மொழி வேறு, படிக்கும் எழுத்து வேறு. இதை நான் வெளியூருக்குப் போய் அறிந்திருக்க வேண்டியதில்லை. என் வாப்பும்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது. ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்க அறியார். அவர் படித்ததெல்லாம் அரபுத் தமிழ். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் நம் முன்னோர் தம் பெண்மக்களுக்கு அந்த எழுத்திலேயே மார்க்க நூல்களை ஆக்கித் தந்தார்கள். படிப்பவரின் கண்ணுக்கு எது பழக்கமோ அதில் எழுதினார்கள். அவர்களுக்கு இருந்த தெளிவு வணிகனான எனக்கு இல்லாமற் போயிற்று.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. நாம் கைலி என்பதை நெல்லைச் சீமையிலும் இலங்கையிலும் சாரம் என்பர். வேறு பல ஊர்களில் லுங்கி. மலாய் மக்கள் அதைக் காய்ன் பெலிகாட் என்கின்றனர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான்! அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி, ஊரின் பெயரையே அங்கு நிலைநாட்டிவிட்டது. வாங்குவோர் தம் வாயில் வழங்கும் பெயரை நாம் மாற்ற முயல வேண்டியதில்லை. அதையே அச்சிட்டால் போதும்.

இறுதியில் வழி எளிதாகவே இருந்தது. அச்சகத்தார் சொல்லித் தந்தார்: முகப்பின் வண்ணப் படம் எல்லா ஊருக்கும் ஒன்றே. பின்பக்கத்து எழுத்தைக் கறுப்பில் மட்டும் அமைத்தால், மொழிக்கொரு கறுப்புத் தகடு மாற்றினால் போதும். நான் அஞ்சிய செலவில் சிறு பகுதியே ஆயிற்று. பொட்டலப் பொருள்கள் பற்றி அன்று நடப்பில் இருந்த 1977ஆம் ஆண்டின் எடையளவு விதிகளும், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும், கூடுதலாக வேறு மொழியும் சேர்க்கலாம் என்றே கூறின. ஆகவே ஆங்கிலத்தைச் சுருக்கி, துவைக்கும் முறையை அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் போட்டோம். எல்லையோர ஊர்களுக்கு இரண்டு மொழி.

மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நமக்கு அது ஆற்றுப் பெருக்கு. சொல் ஒத்திருப்பதை நம்பி நாமே எழுதிவிடக் கூடாது. அந்த ஊர்க் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் வீட்டுப் பெண்கள் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பினோம்.

சகோதரிகளே! இன்று உங்களில் பலர் வீட்டிலிருந்தபடியே ஊறுகாய், மசாலாத் தூள், அத்தர் என்று வெளியூர்களுக்கும் அனுப்புகிறீர்கள். எத்தனை மொழியில் விளம்பரம் செய்வது என்று கணக்கிடுமுன், பொட்டலத்தைப் பிரிக்கப்போகும் கை யாருடையது என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் பொருளின் பெருமையை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எச்சரிக்கையை மட்டும் அவர் படிக்கும் மொழியில் சொல்லிவிடுங்கள்.

மறு ஆண்டு புதிய லேபிளுடன் மலப்புறம் சென்றேன். அந்த உம்மா அதை வாங்கிக் கண்ணருகே பிடித்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். "உப்பு" என்னும் சொல் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தம் மகனுக்கென்று இரண்டு கைலிகள் எடுத்துக்கொண்டார்.