வாடகைக்கு எடுத்த மூன்று மணி நேரம்

சொந்த வீட்டில் விருந்தினரை வரவேற்பது ஒரு பண்பு. பிறர் இடத்தை வாடகைக்கு எடுத்து அங்கே விருந்தினரை வரவேற்பது வேறொரு பண்பு. இந்த இரண்டாவது பண்பை நாம் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் இலண்டன் மாநகரில், கற்றுக்கொண்டோம்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் உறவினர் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அங்குள்ள தமிழ் முஸ்லிம் அன்பர்கள், உமறுப் புலவரின் சீறாப்புராணம் குறித்து நாம் உரையாற்ற வேண்டுமென விரும்பினர். இடம் தேடுவதே பெரும்பாடாயிற்று. நாடகக்காரரும் ஓவியரும் இசைவாணரும் எழுத்தாளரும் நிறைந்த ஊர் அது. ஒத்திகைக்கும் கண்காட்சிக்கும் சொற்பொழிவுக்கும் அனைவருக்கும் இடம் வேண்டும். நிலமோ பொன்விலை விற்கிறது. ஆதலால் தேவாலயத்தை ஒட்டிய கூடம், நூலகத்தின் மாடி, பழைய ஆலையின் தளம் என யாவும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. 1929இல் எழுந்த கான்வே மண்டபம் போன்ற புகழ்பெற்ற சொற்பொழிவுக் கூடங்களும் அவ்வாறே. மதுக்கடைகளின் மேல்மாடி அறைகள் மலிவாகக் கிடைக்கும். நம்மவர்க்கு அவை ஆகா. முடிவில் ஒரு சமூகக் கூடம், மாலை 6 மணி முதல் 9 மணி வரை, பேசி முடிக்கப்பட்டது.

ஒப்பந்தத் தாளை நம்மிடம் காட்டினர். நாற்காலிகளைப் போடும் நேரமும், கூட்டிப் பெருக்கி அவற்றை மீண்டும் அடுக்கும் நேரமும் அந்த மூன்று மணிக்குள் அடக்கம். தீ விபத்தைக் கருதி, குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் கூடலாகாது. அறப்பணிச் சங்கங்களுக்கு ஒரு கட்டணம். வணிக நிறுவனங்களுக்கு வேறு கட்டணம். முன்பணம் கட்ட வேண்டும்; நேரம் கடந்தாலோ பொருள் சேதமுற்றாலோ அதில் பிடித்தம் உண்டு.

படித்ததும் புன்னகைத்தோம். மத்ரஸாவில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் இஜாரா பாடமன்றோ இது! பெறும் பயன் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். காலம் தெரிந்திருக்க வேண்டும். கூலி தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தவன் கையில் அப்பொருள் அமானத்து. தவணை கடந்தும் அதை வைத்திருப்பவன் வரம்பு மீறியவன். இவற்றையெல்லாம் அன்பர்களுக்குச் சற்றுப் பெருமிதத்துடனேயே விளக்கினோம்.

கூட்டத்தன்று நடந்ததோ வேறு. மக்கள் வந்து சேரவே தாமதமாயிற்று. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களையும் தொட்டுவிட வேண்டுமென்பது நம் ஆசை. எட்டரை மணிக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பார்த்தோம், புத்தகத்தின் அடியில் வைத்தோம். மற்றொன்று வந்தது, அதனையும் அவ்வாறே செய்தோம். சபையோர் சுவைத்துக் கேட்கிறார்கள் என்ற மயக்கம். உரையை முடித்தபோது மணி 9.20.

வாயிலில் கூடத்தின் காவலர் மேலங்கி அணிந்து, சாவிக்கொத்துடன் நின்றிருந்தார். முகத்தில் சினமில்லை. பத்து மணிக்கு வேறோரிடத்தில் தமக்கு இரவுப் பணி இருப்பதாக மட்டும் கூறினார். பின்னர் அவரே முன்வந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். நாமும் அடுக்கினோம். வியர்வை உலருமுன் உழைப்பவனின் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை எத்தனை மேடைகளில் எடுத்துரைத்திருப்போம்! அன்று நாற்காலியைத் தூக்கிய கைகள் கூசின.

முன்பணத்தில் பிடித்தம் செய்யப்பட்ட தொகையை, அன்பர்கள் மறுத்தும், நாமே செலுத்தினோம். அது ஒப்பந்தத்தின் கடன். அந்த மனிதரின் காலத்திற்கு எதைச் செலுத்துவது?

திரும்பும் வழியில் முதிய அன்பர் ஒருவர், அந்நகர முஸ்லிம்களின் பழைய வரலாற்றைச் சொல்லிவந்தார். 1910இல் ரிட்ஸ் ஹோட்டலில் கூடிய கூட்டமொன்றில், இலண்டனில் பள்ளிவாசல் எழுப்புவதற்கான நிதியம் தொடங்கப்பட்டது. சையித் அமீர் அலி போன்றோர் அதற்குத் துணை நின்றனர். ஆனால் பள்ளிவாசல் உடனே எழவில்லை. ஆண்டுக்கணக்கில் வாடகை அறைகளிலேயே ஜும்ஆ நடந்தது. 1940இல் கமர்ஷியல் சாலையில் மூன்று வீடுகள் வாங்கப்பட்டன. 1941 ஆகஸ்டில் அவை கிழக்கு இலண்டன் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 30 ஆண்டுகள்! வெள்ளிதோறும் விரிப்பை விரித்து, தொழுது, குறித்த நேரத்தில் சுருட்டிக்கொண்டு வெளியேறியவர்கள் நல்ல வாடகையாளர்களாக இருந்திராவிடில், அடுத்த வெள்ளிக்கு எவர் கதவைத் திறந்திருப்பர்?

அவர் நம்மைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனினும் நமக்கு உறைத்தது. வேற்று மண்ணில் நம் சமுதாயத்தின் நற்பெயர், மேடைப் பேச்சை விட, அடுக்கி வைக்கப்பட்ட நாற்காலிகளிலேயே அதிகம் தங்கியிருக்கிறது.

ஊர் திரும்பிய பின் இஜாரா பாடம் நடத்துகையில், மணியடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கிதாபை மூடிவிடுகிறோம். காரணம் கேட்கும் மாணவர்களுக்கு, சாவிக்கொத்துடன் நின்ற அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறோம். பாடத்தின் எஞ்சிய பகுதி அதுவே.