பின்கதவுப் பெட்டியும் அதங்கோட்டாசானும்

கரூர்ப் பக்கம் வாகனப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, 2021 ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட சில தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"பாருக்கா, நம்ம பெட்டிய வேண்டாம்னுட்டாங்களாட்ட இருக்குது."

அது காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த முதல் பரிசோதனை அறிக்கை. முழுவதும் ஆங்கிலம். தம்பிக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். கோயம்புத்தூரில் இருந்த காப்புரிமை முகவர் போனில் ஏதோ விளக்கியிருக்கிறார், இவனுக்குப் பிடிபடவில்லை. காப்புரிமை விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கவேண்டும் என்பது விதி. ஆக, தமிழில் மட்டுமே யோசிக்கத் தெரிந்த ஒருவனின் பெட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆட்சேபங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, தமிழ் இலக்கியம் படித்துத் தமிழ் நடத்திச் சம்பளம் வாங்கும் என் தலையில் வந்து விழுந்தது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் பின்கதவு வீட்டுக் கதவைப்போலப் பக்கவாட்டில் திறக்கும். வெளிப்புறத்தில் ஸ்டெப்னி தொங்கும். உட்புறம் வெறும் தகடு. அந்த உட்புறத்தில் மூன்று இழுப்பறைகள் கொண்ட ஒரு பெட்டியை என் தம்பி பொருத்தினான். மேலே இருக்கும் மூடியைக் கீழே மடக்கினால் சிறிய மேசையாகிவிடும். கிராமம் கிராமமாகப் போகிற கால்நடை மருத்துவர் ஒருவர், ஊசி மருந்துகளை வைத்துக்கொள்ள ஏதாவது செய்துதரச் சொல்லிக் கேட்டதிலிருந்து பிறந்த பெட்டி அது. யாரோ காப்புரிமை வாங்கு என்று சொல்ல, 2019இல் விண்ணப்பித்தான். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க 1600 ரூபாய், பரிசோதனை கோருவதற்கு 4000 ரூபாய் என்பவை அரசுக் கட்டணங்கள். முகவரின் கட்டணம் இவற்றைவிடப் பல மடங்கு. புது வெல்டிங் இயந்திரம் வாங்க வைத்திருந்த பணம் அதற்குப் போனது.

அறிக்கையைப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்வு, இதை எங்கோ ஏற்கெனவே படித்திருக்கிறேனே என்பதுதான். காப்புரிமை விண்ணப்பத்தின் உயிர் அதன் இறுதியில் வரும் உரிமைக்கோரல்களில் இருக்கிறது. ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியமாக இருக்கவேண்டும் என்பது மரபு. எவ்வளவு நீண்டாலும் ஒரு முற்றுப்புள்ளிதான். அதற்கு முன்னால் வரும் விவரக்குறிப்பும் வரைபடங்களும் அந்த வாக்கியத்துக்கு உரைபோல நிற்கின்றன. நூற்பாவும் உரையும்! இருபது வருடங்களாக வகுப்பில் நான் செய்துவருவது இதைத்தானே. ஒரு சொல்லை விரித்துப் பொருள்கொண்டால் எதெல்லாம் உள்ளே வரும், சுருக்கினால் எதெல்லாம் வெளியே போகும் என்கிற கணக்கு எனக்கு அந்நியமானதல்ல. உலகளாவிய வகைப்பாட்டில் இந்தப் பெட்டி அடங்கிய துணைவகுப்பே 'வேறெங்கும் இடம் தரப்படாத வாகன உறுப்புகள்' என்ற பொருள்படும் தலைப்பில்தான் வருகிறது. நம் இலக்கணக்காரர்கள் மிச்சத்தையெல்லாம் ஒழிபியலில் வைத்ததைப்போல.

தம்பியின் முதல் கோரல், சுருக்கமாக, 'வாகனத்தின் பின்கதவில் பொருத்தப்பட்ட, இழுப்பறைகளும் மடக்கு மேசையும் கொண்ட சேமிப்புப் பெட்டி' என்றிருந்தது. பரிசோதகர் மூன்று முந்தைய ஆவணங்களை எடுத்துவைத்திருந்தார். ஒன்றில் பின்கதவில் பெட்டி இருந்தது. இன்னொன்றில் மடக்கு மேசை இருந்தது. மூன்றாவதில் பின்கதவின் பாரத்தைத் தாங்கும் ஒரு கொக்கி இருந்தது. எல்லாம் பிற நாடுகளில், எங்கள் பட்டறைக்கு அப்பனும் பாட்டனும் ஆகிற வயதுள்ள காகிதங்கள். முதலிரண்டையும் சேர்த்துப் பார்த்தால் துறையறிந்த ஒருவருக்கு இந்தப் பெட்டி வெளிப்படையாகத் தோன்றிவிடும் என்று வரிசையாக எழுதியிருந்தார். அதோடு, சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு கூறு இருக்கிறது: தெரிந்த சாதனங்கள் தத்தம் வழக்கமான வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருக்க, அவற்றை வெறுமனே அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. பெட்டி பெட்டியாக இருக்கிறது, மேசை மேசையாக இருக்கிறது, கதவு கதவாக இருக்கிறது. இதில் நீ செய்தது என்ன?

இதைத் தமிழில் சொன்னபோது தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்.

"அப்ப பெட்டி என்னுது இல்லையாக்கா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவும் அதற்கடுத்த நாட்களிலும் நான் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1856இல் கல்கத்தாவில் டிபென்னிங் என்ற பொறியாளர் இந்தியாவின் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தது பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காக என்று அறிந்து, அதைத் தம்பிக்குப் போனில் சொன்னேன். விசிறி இழுக்கவே மிசினா என்று சிரித்தான். நாம் இன்று பயன்படுத்தும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தது நீதிபதி என்.ராஜகோபால ஐயங்கார் 1959இல் தந்த அறிக்கை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் என்னை உலுக்கியது 1978இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. மிர்சாபூரில் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, பாத்திரத்தை லேத்தில் கடையும்போது நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு 1951 முதல் செல்லும்படியாகக் காப்புரிமை பெற்றிருந்தது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, அந்த உரிமை செல்லாது என்று முடிந்தது. ஏற்கெனவே இருப்பதைத் துறைசார்ந்த சாதாரணத் திறமையோடு கொஞ்சம் சீர்செய்வது வெறும் 'பட்டறைத் திருத்தம்', அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது தீர்ப்பு. பட்டறைத் திருத்தம்! பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போனவன் என் தம்பி. நான் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் விடுதிக் கட்டணம் அவன் கூலியிலிருந்து வந்தது. அவன் வாழ்க்கை முழுவதுமே பட்டறைத் திருத்தங்களால் ஆனது. அதற்கு வெளியே அவனிடம் என்ன இருக்கும் என்று நான் தேடுவது?

இந்த மனநிலையில்தான் எனக்கு அதங்கோட்டாசான் நினைவுக்கு வந்தார். தொல்காப்பியம் அவர் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அதற்கு நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதை தருகிறார். தொல்காப்பியர்மீது சினம்கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேட்கவேண்டாம் என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிடுகிறார். தொல்காப்பியரோ கேட்டே ஆகவேண்டும் என்கிறார். இருவர் கோபத்துக்கும் ஆளாகாமலிருக்க, கேட்பது, கேட்டுக் குற்றம் சொல்லிவிடுவது என்று அதங்கோட்டாசான் முடிவுசெய்கிறார். அவர் தொடுத்த தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் குற்றம் தீர விடை சொல்கிறார். கதை நடந்ததா என்பது வேறு விஷயம். இத்தனை வருடங்களாக வகுப்பில் அதை நான் ஒரு சுவையான வம்பாகவே சொல்லிவந்திருக்கிறேன். குற்றம் காணவென்றே உட்கார்ந்தவர்தான் நூலை வரிவரியாகக் கேட்டிருப்பார் என்பது அன்றுதான் உறைத்தது.

என் எம்.ஏ. ஆய்வேடு ஞாபகம் வந்தது. தொண்ணூறு பக்கம். வாய்மொழித் தேர்வில் என்னை ஊர் எது என்று கேட்டார்கள், நன்றாகத் தட்டச்சு செய்திருக்கிறது என்றார்கள். முதல் வகுப்பு கிடைத்தது. அதை ஒருவரும் படிக்கவில்லை. என் தம்பியின் பெட்டியையோ முகம் தெரியாத ஒருவர் எட்டாவது கோரல்வரை படித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை எழுதியிருக்கிறார். அறிக்கையை மறுபடி எடுத்தேன். இந்தமுறை என்ன மறுத்திருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, எதை மறுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏழாவது கோரலில் அவருடைய குரல் தணிந்திருந்தது. மூன்று ஆவணங்களிலும் இல்லாத ஏதோ அதில் இருந்தது. பெட்டியின் அடியில் ஒரு சிறு உருளை. வண்டியின் தரையில் ஒரு சாய்தகடு. பெட்டியைக் கதவோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை. கதவைச் சாத்தும்போது உருளை சாய்தகட்டில் ஏறும். பெட்டி நீள்துளைக்குள் சில மில்லிமீட்டர் மேலே எழும். அதன்பின் பெட்டியின் எடை கதவின்மேல் இல்லை, வண்டியின் தரைமேல் இருக்கிறது. மேடுபள்ளத்தில் வண்டி குதித்தாலும் கீல் அடிவாங்காது. பரிசோதகர் இங்கே கேட்டிருந்தது விளக்கம் மட்டும்தான்.

உடனே விவரக்குறிப்பைப் புரட்டினேன். காரணம், முதலில் கொடுத்த ஆவணத்தில் இல்லாத எதையும் பிறகு திருத்தமாகச் சேர்க்கச் சட்டம் இடம்தராது. சுருக்கலாம், பிழைதிருத்தலாம், விளக்கலாம், வளர்க்க முடியாது. நான்காம் பக்கத்தில், 'ஓர் அமைப்பில்' என்று தொடங்கும் ஒரே ஒரு பத்தி. முகவர் ஏதோ உபரியாக எழுதிவைத்த பத்தி. எல்லாம் அதில் இருந்தது.

தம்பியை அழைத்து, இந்த உருளையை எப்போது யோசித்தாய் என்று கேட்டேன்.

"மொத பெட்டியில அது இல்லைக்கா. 2018லயே டாக்டருக்குப் போட்டுக் குடுத்துட்டேன். மூணு மாசத்துல வண்டியோட வந்து நின்னாரு. கதவு தொங்கிப்போச்சு, சாத்த முடியல. எனக்கு அசிங்கமாப் போச்சு. அப்புறம் ஒரு மாசம் வேற வேலையே பாக்கல, இதத்தான் நோண்டிட்டு இருந்தேன்."

நான் சற்றுநேரம் பேசாமல் இருந்தேன். விண்ணப்பத் தேதிக்கு முன்னால் விற்ற பொருள், விற்றவன் நாமே என்றாலும், உலகம் அறிந்த பொருள்தான். அரசு அறிவிக்கும் கண்காட்சி, கற்றோர் அவையில் படிக்கும் கட்டுரை போன்ற சில விலக்குகள் உண்டு. விற்பனைக்கு விலக்கில்லை. அதாவது, அந்த மூன்று வெளிநாட்டு ஆவணங்களே இல்லாவிட்டாலும் முதல் கோரல் நியாயமாக நிற்காது. பரிசோதகருக்கு அது தெரியாது. தெரிய வழியும் இல்லை. அந்த மருத்துவருக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும். பெட்டி முழுவதற்கும் எப்படி வாதாடலாம் என்று முந்தைய இரவு ஒரு நோட்டில் ஆறு பக்கம் எழுதிவைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். நல்ல வாதங்கள்தான். அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

தம்பியிடம் சொன்னேன்: "பெட்டி உன்னுது இல்லடா. கதவு தொங்கினதுக்கப்புறம் நீ செஞ்சது இருக்குதே, அதுதான் உன்னுது."

அவன் முதலில் சம்மதிக்கவில்லை. பெரிய பெட்டியை விட்டுவிட்டு ஒரு சின்ன உருளையைக் கேட்பதா என்றான். இரண்டு நாள் கழித்து அவனே போன் செய்து, சரி அப்படியே எழுதச் சொல்லுக்கா என்றான்.

பதில் தர ஆறு மாத அவகாசம் உண்டு. நான்காம் மாதத்தில் முகவர் திருத்திய கோரல்களை அனுப்பினார். உருளையும் சாய்தகடும் நீள்துளையும் ஒன்றையொன்று சார்ந்து வேலைசெய்கின்றன, மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் பாரம் கதவுக்கே திரும்பிவிடும் என்பதே பதிலின் சாரம். வெறும் அடுக்கிவைத்தல் என்ற ஆட்சேபத்துக்கு அதுதான் விடை. பின்னர் காணொலி வழியாக ஒரு விசாரணை நடந்தது. நீள்துளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அதிகாரி கேட்க, முகவர் ஆங்கிலத்தில் தொடங்குவதற்குள் தம்பி தன் இரண்டு உள்ளங்கைகளையும் கதவும் பெட்டியுமாக வைத்துத் தூக்கிக் காட்டிவிட்டான். அதிகாரி தலையசைத்தார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

2023இல் காப்புரிமை வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு, ஆண்டுதோறும் கட்டணம் கட்டிவந்தால் 2039 வரை. இதனால் அவன் பணக்காரனாகிவிடவில்லை. இதுவரை பதினோரு பெட்டிகள் விற்றிருக்கிறான். எந்தப் பெரிய நிறுவனமும் தேடிவரவில்லை. அந்த மருத்துவரின் வண்டிக்கு உருளை வைத்த பெட்டியைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தான்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, தேவையான வேறுபாடு ஒன்றைச் சேர்ப்பது வழிநூல். அதை இரண்டாம்தரம் என்று நான் எண்ணியிருந்த காலம் உண்டு. இப்போது எம்.ஏ. மாணவர்களின் ஆய்வேடுகள் என் மேசைக்கு வரும்போது மெதுவாகத்தான் படிக்கிறேன். ஒரு வாரம் ஆகிறது, துறையில் சலித்துக்கொள்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி அனுப்புகிறேன்: 'இதில் உங்களுடையது எது?'

சென்ற பருவத்தில் ஒரு மாணவி கண்ணீரோடு வந்து நின்றாள். அவளை உட்காரவைத்து, எந்த இடத்தில் தப்பு நடந்தது, அதற்கப்புறம் என்ன செய்தாய் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சியபடி, நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.