டிக்பாயில் ஒரு மாலை

உபாத்தியாயர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவதற்கு ஒரே ஒரு காரணந்தான் உண்டு. அது கோடை விடுமுறை. இந்தக் கோடையில் அந்தச் செல்வத்தை எப்படிச் செலவிடுவது என்று நான் யோசித்துக் கொண்டிருந்தபோது, அஸ்ஸாமிலிருந்து என் மைத்துனனின் அழைப்பு வந்தது. அவன் டிக்பாய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ரசாயன நிபுணனாக இருக்கிறான். "அக்காவையும் அழைத்துக்கொண்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள், அத்தான். நம் தேசத்தின் எண்ணெய்ச் சரித்திரம் ஆரம்பமான ஊர் இது" என்றான்.

கன்யாகுமரியிலிருந்து திப்ருகருக்குச் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் நம் தேசத்திலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். அதில் நாட்கணக்காக உட்கார்ந்து, பாரத தேசம் எவ்வளவு பெரியது என்பதைப் பூகோளப் புத்தகத்தின் உதவியின்றியே தெரிந்துகொண்டோம். நியூ தின்சுகியாவில் இறங்கி மோட்டாரில் ஏறினோம். இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் மழையில் குளித்த குன்றுகள். தேயிலையின் பசுமைக்கு நடுவே திடீரென்று உலோகக் கோபுரங்களும், ஓயாது எரியும் ஒரு தீச்சுடரும் கண்ணில் பட்டால், டிக்பாய் வந்துவிட்டது என்று அறியலாம்.

இவ்வூரில் எண்ணெய் அகப்பட்டதைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். ரயில் பாதை போடுவதற்கு மரம் இழுத்து வந்த யானைகளின் கால்களில் எண்ணெய் ஒட்டியிருந்ததாம். கதை எப்படியாயினும், 1889-ம் ஆண்டில் இங்கே கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள் என்பதும், 662 அடி ஆழம் வரையில் தோண்டினார்கள் என்பதும் சரித்திரம். அந்த முதற் கிணற்றை இங்குள்ள எண்ணெய்ப் பொருட்காட்சிசாலையில் இன்றும் காணலாம். 1901-ம் ஆண்டு டிசம்பரில் சுத்திகரிப்பு ஆலை வேலை செய்யத் தொடங்கிற்று. இந்தியாவில் இன்றும் இயங்கிவரும் ஆலைகளுள் இதுவே மிகப் பழையது. அந்நியக் கம்பெனியின் கையில் வெகு காலம் இருந்த இந்த ஆலை, 1981-ம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வசமாயிற்று.

பொருட்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் அமர்ந்து அஸ்ஸாம் தேநீரைப் பருகிக் கொண்டிருந்தோம். என் மனைவிக்கு யானையிலும் சரித்திரத்திலும் அவ்வளவு சிரத்தை இல்லை.

"தம்பி, நீ இவ்வளவு படித்திருக்கிறாயே. எங்கள் வீட்டுச் சிலிண்டர் சில சமயம் கையில் தூக்கினால் கனக்கிறது. அடுப்போ எரிய மறுக்கிறது. அது ஏன் என்று சொல்லு, பார்க்கலாம்" என்றாள்.

மைத்துனன் சிரித்தான். "அக்கா, நீ கேட்டது சின்னக் கேள்வி அல்ல. என் உத்தியோகமே அதில் அடங்கியிருக்கிறது. அடுப்பு எரியாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; அவற்றில் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன்" என்று ஆரம்பித்தான்.

சமையல் வாயுவில் முக்கியமாக இருப்பவை புரொபேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருள்கள். புரொபேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில் ஆவியாகும். இவற்றுக்கு அடுத்த தமையன் பென்டேன். அது ஆவியாக 36 டிகிரி வெப்பம் வேண்டும். சிலிண்டருக்குள் பென்டேன் அதிகமாகப் புகுந்துவிட்டால், தம்பிமார் இருவரும் எரிந்து தீர்ந்த பிறகு அது மட்டும் அடியில் திரவமாகத் தங்கிவிடும். கனம் இருக்கும், சுடர் இராது. ஆலையில் இவற்றைப் பிரிப்பதற்கென்றே உயரமான கோபுரம் ஒன்று உண்டு. லேசானவை மேலே போகும். கனமானவை கீழே இறங்கும். கீழே வெப்பம் சற்று மிஞ்சினால் பென்டேன் மேலே ஏறிவிடும். வெப்பம் குறைந்தாலோ, பியூட்டேன் கீழே தங்கிப் பெட்ரோல் சரக்கோடு கலந்துவிடும்.

"கோபுரத்துக்குள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாதே? யார் எங்கே போகிறார்கள் என்பதை எப்படி அறிவாய்?" என்று நான் கேட்டேன்.

"அதற்குத்தான் காஸ் குரோமடோகிராப் என்ற யந்திரம் இருக்கிறது" என்றான்.

பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் விஷயம் எளியதே. குரோமடோகிராபி என்றால் வர்ண எழுத்து என்று பொருள். ருஷ்ய தாவர சாஸ்திரியான ஸ்வெட் என்பவர், இலையின் சாற்றைச் சுண்ணப் பொடி நிரப்பிய குழாயில் இறங்கவிட்டார். சாற்றிலுள்ள நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. 1906-ம் ஆண்டில் அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் இது. 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் சாற்றுக்குப் பதிலாக ஆவியைக் குழாயில் அனுப்பிப் பிரித்துக் காட்டினார்கள். அதில் வர்ணம் ஏதும் இல்லை. ஆயினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் சில ஆண்டுகளுக்குள் அதைப் பற்றிக்கொண்டன.

"அத்தான், உங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களைத் தேர்க்கடை வீதியின் ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். எதிலும் ஆசையில்லாத பையன் நேரே வந்துவிடுவான். மிட்டாய்க் கடையில் நிற்கிறவன் பிறகு வருவான். ஒவ்வொரு கடையிலும் நிற்கிறவன் கடைசியில் வருவான். எந்தப் பையன் எவ்வளவு நேரத்தில் வருவான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், நேரத்தைக் கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம் அல்லவா?"

அந்த வீதிதான் யந்திரத்திலுள்ள மெல்லிய குழாய். அதன் உட்புறத்திலிருக்கும் பூச்சுத்தான் கடைகள். ஹைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயு எல்லோரையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. புரொபேன் முதலில் வெளிவரும், பியூட்டேன் அடுத்து, பென்டேன் பின்னால். ஒவ்வொன்றும் வரும்போது வரைபடத்தில் ஒரு சிகரம் எழுகிறது. சிகரத்தின் பரப்பு, அந்தப் பொருளின் அளவைச் சொல்லுகிறது.

"முன்காலத்தில் சரக்கின் மாதிரியை எஃகுப் புட்டியில் பிடித்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். முடிவு வருவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் சரக்கு தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது யந்திரம் கோபுரத்தின் அருகிலேயே நிற்கிறது. சிறு குழாய் வழியே தானாகவே மாதிரி எடுத்து, சில நிமிஷத்துக்கு ஒரு முறை கணக்குச் சொல்லிவிடுகிறது" என்றான்.

"அப்படியானால் தவறே நேராதா?" என்றேன்.

அவன் சிறிது நேரம் மழையையே பார்த்துக் கொண்டிருந்தான்.

"நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது, அத்தான். அது வேறோர் ஆலை. ஓர் இரவு, பென்டேனின் சிகரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதைப் பார்த்தேன். உடன் இருந்தவர் இருபது வருஷ அநுபவஸ்தர். 'வெப்பமானி சரியாகத்தானே காட்டுகிறது? யந்திரத்துக்குத்தான் கோளாறு' என்றார். யந்திரமும் பொய் சொல்வதுண்டு. தெரிந்த கலவை ஒன்றைக் கொடுத்து அதை அடிக்கடி பரீட்சை செய்யவேண்டும். நான் அதைச் செய்தேன். யந்திரம் சரியாகவே இருந்தது. கோபுரத்தின் அழுத்தம் சற்றுக் குறைந்திருந்தது. அழுத்தம் குறைந்தால் அதே வெப்பத்தில் கனமான சரக்கும் மேலே ஏறும். அதை நான் அறிவேன். ஆனாலும் பெரியவரை எதிர்த்துப் பேசத் துணிவில்லை. பொழுது விடிந்து சோதனைச்சாலையின் முடிவு வந்தபோது, தொட்டிச் சரக்கு முழுவதையும் திரும்பக் காய்ச்ச வேண்டியதாயிற்று. யந்திரம் வேளையோடு சொல்லிவிட்டது, நான்தான் சொல்லவில்லை."

அவன் அக்கா ஒன்றும் பேசாமல் அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

எனக்கு என் வகுப்பில் சென்ற ஆண்டு படித்த ஒரு பையனின் ஞாபகம் வந்தது. அவன் ஜூலை மாதத்திலேயே கணக்கு நோட்டைத் திறப்பதை விட்டுவிட்டான். அரை வருஷப் பரீட்சை விடைத்தாளைத் திருத்தும்போதுதான் எனக்கு அது தெரிந்தது. வீட்டில் தகப்பனாருக்கு நோய் என்பதைப் பிறகு விசாரித்து அறிந்தேன். பொங்கல் விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஆலைச் சரக்கைத் திரும்பவும் காய்ச்சலாம். பையனுக்குப் போன ஆண்டைத் திருப்பிக் கொடுக்க யாரால் முடியும்?

மழை விட்டது. குன்றுகளின் மேல் இருள் படிந்தது. தூரத்தில் ஆலையின் தீச்சுடர் எரிந்துகொண்டிருந்தது. அதனருகே எங்கேயோ ஒரு சிறு அறையில், கண்ணுக்குத் தெரியாத பொருள்களைக் குழாயில் வரிசைப்படுத்தி, யந்திரம் சில நிமிஷத்துக்கு ஒரு முறை உண்மையைச் சொல்லிக் கொண்டிருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் திறந்தபின், தினந்தோறும் ஐந்து பையன்களின் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பது என்று வழக்கப்படுத்திக் கொண்டிருக்கிறேன். நாற்பது பேர் கொண்ட வகுப்பு. எட்டு நாளைக்கு ஒரு முறை எல்லோரையும் பார்த்துவிடலாம். டிக்பாய் யந்திரத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாமதந்தான். ஆனால் அரை வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல்.