உச்சிப்புளியில் ஒரு பருந்து

முதுகுளத்தூரிலிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வந்ததும் கொஞ்சம் வானத்தைப் பாருங்கள். அங்குள்ள கடற்படை விமான தளத்துக்கு 2009-ல் 'பருந்து' என்று நம் தமிழ்ப் பெயரையே வைத்தார்கள். பாக் நீரிணையைக் கண்காணிப்பது அதன் வேலை.

"பொம்பளப் புள்ள பிளேன் ஓட்டுமாக்கும்!" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் சிரித்தார். ஏன் ஓட்டாது? கடற்படையின் முதல் பெண் விமானி ஷிவாங்கி, 2019 டிசம்பரில் கொச்சியில் சிறகுச் சின்னம் பெற்றார். அதோடு முடிந்ததா? டோர்னியர் விமானத்தில் கடல் ரோந்து போக முழுத் தகுதி கிடைத்தது 2020 அக்டோபரில்தான். அப்புறமும், பறந்தது எத்தனை நேரம், பகலா, இரவா என்று ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மணிக்கணக்கு ஏற ஏறத்தான் துணை விமானி தலைமை விமானியாக முடியும். நாம் அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடு சேர்ப்பது மாதிரிதான்! 2022 ஆகஸ்டில் போர்பந்தரிலிருந்து பெண் அதிகாரிகள் ஐவர் மட்டுமே அரபிக்கடலுக்கு ரோந்து போய்த் திரும்பினார்கள். அவர்களில் ஷிவாங்கியும் ஒருவர். 2024 ஜூனில் நம் அரக்கோணம் 'ராஜாளி' தளத்தில் அனாமிகா ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேறினார்.

சகோதரிகளே, பெண் பத்தாவது முடித்ததும் ஜாதகத்தைத் தேடாதீர்கள். விமானியாக ஆசைப்பட்டால், பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேர்த்துவிடுங்கள். அவை இல்லாமல் அந்த வாசல் திறக்காது.