பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர்

4.6.2024, செவ்வாய்

கேண்டீனில் நிற்க இடமில்லை. ஓட்டு எண்ணிக்கை. அட்டெண்டர், லேப் டெக்னீசியன், டியூட்டி டாக்டர் எல்லாரும் டிவிக்குக் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இரைச்சலில்தான், ஐசியுவில் என்னோடு டியூட்டி பார்க்கிற சின்னவள் சொன்னாள். “அக்கா, ஓஇடி எழுதலாம்னு இருக்கேன். பணம் கட்டிட்டேன்.”

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதும் இங்கிலீஷ் பரீட்சை அது. எழுதலாமா என்று யோசிக்கிறவள் பணம் கட்டியிருக்க மாட்டாள். “நல்லதுதானே, எழுது” என்றேன். லண்டனா என்று கேட்டதற்குச் சிரித்தாள். இங்கிலாந்தில் எந்த ஊர் ஆஸ்பத்திரி எடுக்கிறதோ அந்த ஊராம். ஐசியு அனுபவம் இருந்தால் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறான். அந்த அனுபவத்தில் பாதி என் பக்கத்தில் நின்று அவள் பழகியது. பெருமையாக இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும்வரை யோசித்தேன். மாட்டுத்தாவணி வந்துவிட்டது.

8.6.2024, சனி

நைட் முடிந்து வந்து எழுதுகிறேன். ஐந்தாம் பெட்டில் ஆள் பெரிய உடம்பு. வெண்டிலேட்டர், கழுத்தில் சென்ட்ரல் லைன், கையில் ஆர்டீரியல் லைன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் முதுகுக்குக் கீழே தோல் சிவந்து, அப்புறம் புண்ணாகிவிடும். ஒருத்தி தலைமாட்டில் நின்று டியூபைப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி டிராஷீட்டை இழுக்க வேண்டும். நாங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதே இல்லை. நான் மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது அவள் இழுத்துவிடுவாள். வெண்டிலேட்டர் ஒரு தடவைகூடக் கத்தாது.

மூன்றரை மணிக்கு நார்அட்ரீனலின் சிரிஞ்சு முடியப்போகிறது. அது ஒரு நிமிஷம் நின்றாலும் பிரஷர் சரிந்துவிடும். அதனால் புதுச் சிரிஞ்சை இன்னொரு பம்பில் ஏற்றி ஓடவிட்டு, பிரஷர் ஏற ஏறப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நான் புதியதை ஓடவிட்டேன், அவள் பழையதைக் குறைத்தாள். இரண்டு பேர் கண்ணும் மானிட்டரில். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அந்த ஆளின் மனைவி வந்து, “பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் ரெண்டு பேரும் இருந்தா எனக்குப் பயமில்லம்மா” என்றார். எங்களைப் பார்த்து ஏற்கெனவே சிலர் சொன்ன பேச்சுதான். இன்று மட்டும் என்னவோ போல இருந்தது.

சினேகிதம் எங்கேயும் போகாது, வாட்ஸ்ஆப் இருக்கிறது. இந்தக் கையை யார் அனுப்பி வைப்பார்கள்?

16.6.2024, ஞாயிறு

ஸ்பீக்கிங் பரீட்சைக்கு என்னை நோயாளியாக நடிக்கச் சொன்னாள். ஆளுக்கு ஓர் அட்டை, ஐந்து நிமிஷம் பேச வேண்டும். என் அட்டையில் நான் சர்க்கரை நோயாளி, இன்சுலின் வேண்டாம் என்று அடம்பிடிக்க வேண்டும். அடம்பிடிக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்! மாமியாரை மனதில் வைத்துக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் விளாசினேன். அவளோ என் கவலை தனக்குப் புரிகிறது என்கிறாள், சொல்ல அனுமதி கேட்கிறாள், சொன்னது விளங்கியதா என்று கேட்கிறாள். இதற்கெல்லாம் தனித்தனி மார்க்காம். நம் வார்டில் “பாட்டி, ஒரே ஒரு ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி” என்பதோடு சரி. பாட்டியும் கையை நீட்டிவிடும்.

மூன்றாம் தடவை அவள் பேசியபோது எனக்கே இன்சுலின் போட்டுக்கொள்ளலாம் போலத் தோன்றியது. பாஸ் பண்ணிவிடுவாள். தெரிந்துவிட்டது.

18.6.2024, செவ்வாய்

இவர், “நீயும் எழுதேன்” என்றார். சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்கிற அதே குரலில். என்னோடு படித்தவள் 2015-இல் அரசு நர்ஸ் வேலைக்கான எம்ஆர்பி பரீட்சை எழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைத்தான் பேப்பரில் பார்த்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே நான் எதையும் எழுதாமல் இருந்துவிட்டேன் என்பது இவருக்குத் தெரியும்.

23.6.2024, ஞாயிறு

பரீட்சைக்கு லீவு கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். ஆள் ஏன் இல்லை என்று மேலே யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நைட் முடித்த கையோடு மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறி, சாயங்காலம் இறங்கி, மறுநாள் காலை எழுதியிருக்கிறாள்.

நேற்று நைட் புதுப் பெண்ணோடு பார்த்தேன். நல்ல பெண். சொன்னதைக் குறித்துக்கொள்கிறாள். மூன்று எண்ணியதும் இழு என்றால் இரண்டிலேயே இழுத்துவிடுகிறாள்.

5.7.2024, வெள்ளி

நர்ஸ் ஸ்டேஷனில் பிரிட்டிஷ் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெயித்தது லேபர் கட்சி, ஸ்டார்மர் பிரதமர். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: விசா விதி மாறுமா? அவள் வீட்டுக்காரர் கால்டாக்சி ஓட்டுகிறார், பையன் யுகேஜி. மார்ச்சிலிருந்து அங்கே போகும் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. யாரோ அதைச் சொல்லிக் குழப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தத் தடை நர்ஸுக்கு இல்லை என்று நான்தான் எடுத்துக் காட்டினேன்.

ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இங்கே ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. அதை வெளியே எடுப்பது அடுத்த பாடு. சாந்தோம் நர்சிங் கவுன்சிலில் வெரிஃபிகேஷன் வாங்குவது அதற்கும் அடுத்தது.

13.7.2024, சனி

ரிசல்ட். ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் எல்லாம் தாண்டிவிட்டாள். லிசனிங் 340. வேண்டியது 350.

மருந்து ரூமில் போனை நீட்டினாள். முதலில் எனக்குள்ளே ஏதோ இறங்கி உட்கார்ந்தது, ஆசுவாசமாக. யாரிடம் மறைக்க? அடுத்த நொடியே அந்தப் பத்து மார்க்கின் மேல் அப்படி ஒரு கோபம். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள்தான் இருந்தன, ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாமல்.

“எல்லாம் போச்சுக்கா.”

“ஒண்ணும் போகல. பன்னிரண்டு மாசத்துக்குள்ள திரும்ப எழுதினா ரெண்டு ரிசல்ட்டையும் சேர்த்துக் காட்டலாம். மத்தது ரொம்ப இறங்காம பாத்துக்கணும், அவ்வளவுதான்.”

“இதெல்லாம் நீங்க எப்பக்கா படிச்சீங்க?”

பொட்டாசியம் ஆம்பியூல் எண்ண வேண்டியிருந்தது, எண்ணினேன்.

அடுத்த மாச டியூட்டி லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறார் இன்சார்ஜ். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தே நைட் போடச் சொல்லியிருக்கிறேன். பரீட்சை எப்போது வந்தாலும் அதற்கு முந்தின வாரம் அவளுக்கு டே, அவள் நைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அலாரம் கேட்ட காதோடு போய் உட்கார்ந்தால் 340 வராமல் வேறென்ன வரும்?