எரியாத ‘டி’ விளக்கு

காலை எட்டரை. பட்டறையின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் வெள்ளை நிறக் குடும்பக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி பிடிக்காதோ என்ற பயம். சன்னலை இறக்கி, உட்கார்ந்தபடியே சொன்னார்:

“அண்ணே, பி-ல வச்சு சாவி போட்டா ஒரு சத்தமும் இல்ல. என்-க்கு இழுத்தாத்தான் ஸ்டார்ட் ஆவுது. டி போட்டா மீட்டர்ல லைட்டே எரியல. போட்டதும் பின்னாலிருந்து யாரோ இடிச்ச மாதிரி ஒரு குலுக்கு. அப்புறம் வண்டி இழுக்கவே மாட்டேங்குது.”

“எத்தன நாளா, டீச்சர்?”

“தீபாவளி முடிஞ்சதுலேர்ந்து.”

ஃபோர்மேன் தலையை ஆட்டிக்கொண்டார். மலேசியத் தமிழர் பேச்சில் ஃபோர்மேன் என்றால் மேற்பார்வையாளர் இல்லை, கார் பழுது பார்ப்பவர். டீச்சர் அதோடு நிற்கவில்லை. டவுனில் ஒரு பட்டறையில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார். கியர்பாக்ஸ் போய்விட்டது, பழையதைப் புதுப்பித்த ரீகோன் பெட்டி ஒன்றை ஏற்ற நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எதையும் கழற்றிப் பார்க்கவில்லை, கணினியும் மாட்டவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததோடு சரி.

பட்டறை இருப்பது சுங்கை ரம்பாயில், ஜாசின் மாவட்டத்தின் தென்கோடியில். மலாக்கா நகரத்திலிருந்து புறப்படும் கூட்டரசுச் சாலை 5 மெர்லிமாவ் வழியாக வந்து, இந்த ஊரைத் தொட்டுவிட்டு மூவாருக்குப் போகிறது. கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர் மாநிலம். ரப்பர்ப் பால்மரம் நின்ற நிலத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறிவிட்டன. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். பேருந்தை நம்பி இந்தப் பிழைப்பு ஓடாது. அதனால் நான்கு கதவும் பின்னால் சாமான் பெட்டியுமாக, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஓர் ஆட்டோ கார் எப்படியும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அது படுத்தால் அன்றைய சம்பளமும் சேர்ந்து படுக்கும்.

ஃபோர்மேனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா பால் வெட்டினார், அம்மா களை எடுத்தார். முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் விற்பனைக்கு வந்தபோது, இவர் தோட்டத்து லோரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன். டிராக்டர் கிளட்சில் கை பழகியவர். “அப்பல்லாம் ஆட்டோ கார்னா பணக்காரன் வண்டி. உள்ள என்ன இருக்குன்னு எங்க தண்டலுக்கே தெரியாது,” என்கிறார். நாற்பது வயதுக்கு மேல்தான், அனுபவத்தையே தகுதியாக ஏற்கும் அரசுத் திட்டத்தின் வழியாக எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை மூன்றாம் நிலையில் வாங்கினார். அது சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் முருகன் படம். இரண்டின் மேலும் ஒரே அளவு எண்ணெய்ப் பிசுக்கு.

மெர்லிமாவ் பாலிடெக்னிக்கிலிருந்து தொழிற்பயிற்சிக்கு வந்திருந்த மலாய் இளைஞர் அதற்குள் காரைத் தூக்கும் லிஃப்டின் கைகளை அடியில் பொருத்தத் தொடங்கிவிட்டார். “ஜாங்ஙான் புக்கா டூலு, டிக்,” என்று ஃபோர்மேன் தடுத்தார். இப்போதைக்குத் திறக்காதே, தம்பி. அன்று மாலைக்குள் அந்த வாக்கியத்தை நான் ஐந்தாறு முறை கேட்டேன். அவருடைய தொழில் திறமையில் பாதி, எதைத் திறக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர்க் கம்பியை பி-யிலிருந்து டி வரை மெல்ல நகர்த்தினார்: பி நிறுத்த, ஆர் பின்னால் போக, என் நடுநிலை, டி முன்னால் போக. ஊசியில் நூல் கோக்கிறவரின் பொறுமை. கண் கம்பியில் இல்லை, மீட்டரில் இருந்தது. ஆர் எரிந்தது. என் எரிந்தது. டி-யில் இருட்டு. பி-யில் கம்பியைச் சற்று முன்னே தள்ளிப் பிடித்தபோது விளக்கு ஒரு நொடி மினுக்கிவிட்டு அணைந்தது. “பாத்தீங்களா?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு ஏறக்குறைய முழுதும் புரிந்துவிட்டது.

கியர்க் கம்பிக்கும் மீட்டரில் எரியும் எழுத்துக்கும் நேரடி உறவு கிடையாது. கம்பி ஒரு கேபிளை இழுக்கிறது. கேபிள் கியர்பாக்ஸின் மேலிருக்கும் சிறு நெம்பை அசைக்கிறது. நெம்பின் தண்டில் ஒரு சுவிட்ச் மாட்டியிருக்கிறது. பட்டறைகளில் அதற்கு இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்று பெயர். உள்ளே செப்புத் தகடுகளின் மேல் ஒரு தொடுமுனை நகர்கிறது. எந்தத் தகட்டில் நிற்கிறதோ அந்த எழுத்துதான் மீட்டரில் எரியும், அதுவே கியர்பாக்ஸ் கணினிக்கும் செய்தி. இதே சுவிட்ச்தான் பி, என் இரண்டிலும் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போக அனுமதிக்கிறது. அதனால் பி-யில் ஸ்டார்ட் ஆகாததும் டி விளக்கு எரியாததும் இரண்டு நோய் அல்ல.

இந்த எழுத்து வரிசைக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் ஹைட்ரா-மேட்டிக் என்ற முழுத் தானியங்கிப் பெட்டியை 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காகக் கொண்டுவந்தது. அதில் பின்னோக்கிப் போகும் கியர் வரிசையின் கடைசியில், முன்னோக்கிப் போகும் கியரை ஒட்டியே இருந்தது. கை ஒரு விரற்கடை தவறினால் கார் எதிர்த்திசையில் பாயும். ஆர், டி இரண்டுக்கும் நடுவே என் இருந்தே ஆக வேண்டும், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழலக்கூடாது என்ற விதிகள் அமெரிக்காவில் 1968 தொடக்கத்தில்தான் கட்டாயமாயின. சுங்கை ரம்பாய் டீச்சரின் காரை அன்று காலை நிறுத்திவைத்தது அந்த விதியின் வாரிசுதான்.

கார் குலுங்கியதற்கும் இழுக்காததற்கும் காரணம் தனி. கம்பி எங்கே நிற்கிறது என்று தெரியாத கணினி துணிந்து எதையும் செய்யாது. எண்ணெய் அழுத்தத்தை உச்சத்தில் வைத்து, பெரும்பாலும் மூன்றாவது கியரிலேயே பெட்டியைப் பூட்டிவிடும். உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. ஓட்டுகிறவருக்கோ, டி போட்டதும் ஓர் இடி, பிறகு மேட்டில் முக்கல். கியர்பாக்ஸ் போச்சு என்று தோன்றாமல் என்ன செய்யும்? ரீகோன் பெட்டி விற்கிறவருக்கு இதைவிட வசதியான அறிகுறி கிடையாது. எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

ஃபோர்மேன் ஸ்கேனரை மாட்டினார். பி0705 என்ற எண் வந்தது: கியர் நிலையைச் சொல்லும் சுவிட்சின் மின்சுற்றில் கோளாறு. கூடவே பி0700, கியர்பாக்ஸ் கணினி கையைத் தூக்கிக் கூப்பிடுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. தவறான கியர் விகிதத்தைச் சொல்லும் பி0730 வரவில்லை. அது வந்திருந்தால் கதை வேறு. பிறகு கியர் எண்ணெய்க் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். நிறம் சிவப்பு. கருகல் வாடை இல்லை. “டீச்சர், கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு எந்த கியர்ல நிக்குறோம்னு சொல்ல ஆளில்ல, அவ்வளவுதான்.”

பேட்டரியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் எடுத்த பிறகுதான் சுவிட்ச் கண்ணில் பட்டது. மின் இணைப்பைப் பிரித்ததும் பயிற்சி மாணவர் விசிலடித்தார். ஊசிகள் பச்சை பூத்திருந்தன. தீபாவளிக்கு முன் காரைக் கழுவக் கொடுத்தீர்களா என்று கேட்டார் ஃபோர்மேன். கொடுத்திருக்கிறார். முன்மூடியைத் திறந்து இன்ஜினையும் அழுத்தக் குழாயால் பளபளவென்று அடித்துத் தந்தார்களாம்.

புதுச் சுவிட்சுக்கு மூவாருக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை வேறு கார்களைப் பார்த்தார். ஒரு சாகாவில் பி-யிலிருந்து கம்பி நகரவே மறுத்ததால் உரிமையாளரின் மகன் தொலைபேசியில் அழைத்திருந்தான். ஃபோர்மேன் கேட்டது ஒரே கேள்வி: “பிரேக் மிதிச்சா பின்னால லைட் எரியுதா, போய்ப் பாருடா.” எரியவில்லை. பிரேக் மிதிக்கு மேலிருக்கும் சிறு சுவிட்ச் செத்துவிட்டால், பிரேக் மிதித்திருப்பதே காருக்குத் தெரியாது. பி-யின் பூட்டும் திறக்காது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் சிறு மூடி இருக்கும், கைபிரேக்கைப் போட்டுவிட்டு, மூடியை நெம்பி, உள்ளே சாவியால் அழுத்திக்கொண்டே கம்பியை இழு என்றார். பையன் அரைமணியில் ஓட்டிக்கொண்டு வந்தான். கையேட்டிலேயே இருக்கும் வழிதான் இது; ஆனால் கையேட்டைப் பிரித்த குடும்பம் எத்தனை?

எல்லாமே இப்படிச் சில்லறையில் முடிவதில்லை. பட்டறையின் மூலையில் பிரித்துப் போட்ட பெட்டி ஒன்று கிடந்தது. தட்டுகளின் உராய்வுப் பட்டை கருகி உதிர்ந்து, எண்ணெய் காப்பித்தூள் கரைசல் போலிருந்தது. அது சி.வி.டி. வகை: பற்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் எஃகுப் பட்டையும். யாரோ அதில் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயான ஏ.டி.எஃப். ஊற்றியிருக்கிறார்கள். சாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2011இல் பெல்ஜியத்தின் பஞ்ச் நிறுவனத்துச் சி.வி.டி. வந்தது, 2019இல் அதை எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர்ப் பெட்டியை வைத்தார்கள். பெயர் ஒன்று, உள்ளே ஓடும் எண்ணெய் வேறு. அளவு பார்க்கும் முறைகூட மாறும். பல கார்களில் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும்; எண்ணெய் அளவுக் கம்பி உள்ள ஹோண்டாக்களில் சூடேற்றி அணைத்த ஓரிரு நிமிடத்துக்குள். ஹோண்டா இந்த மாநிலத்துக்கு அந்நியமில்லை. அலோர் காஜா பக்கம் பெகோவில் அதன் தொழிற்சாலை 2003 முதல் ஓடுகிறது. ஹோண்டா கார்களில் டி விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மினுக்கினால் அதுவே கோளாறு அறிவிப்பு. பழைய டொயோட்டாக்களில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு அந்த வேலையைச் செய்யும்.

மதியச் சோற்றுக்குப் பிறகு பேச்சு அமெரிக்கா போனது. பயிற்சி மாணவர்தான் தொடங்கினார். நடிகர் ஆன்டன் யெல்ச்சின் 2016 ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டு வாசல் சரிவில், தானாக உருண்டு வந்த சொந்த ஜீப்புக்கும் செங்கல் தூணுக்கும் நடுவே நசுங்கி இறந்தார். எந்த கியரில் விட்டாலும் நடுவுக்கே திரும்பி நிற்கும் மின்னணுக் கம்பி அந்த வண்டியில். பி-யில் விட்டோமா இல்லையா என்று கைக்குத் தெரியாது. விளக்கைப் பார்த்தால்தான் உண்டு. அதே கம்பி பொருத்திய டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 என்ற குடும்பக் கார்களையும் சேர்த்து உலகம் முழுதும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. ஃபோர்மேன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நம்ம ஆளுங்க கைபிரேக்கே போடறதில்ல,” என்றார்.

மூன்று மணிக்குச் சுவிட்ச் வந்தது. மாட்டுவது பத்து நிமிடம், நேராக்குவதுதான் வேலை. கம்பியை என்-இல் வைத்து, சுவிட்சின் கோடும் நெம்பின் கோடும் ஒன்றாகும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இரண்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இதை மாணவரிடம் விட்டார். முதல் தடவை டி போட்டால் என் எரிந்தது. இரண்டாம் தடவை ஆர்-இல் பின்விளக்கு வரவில்லை. ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஸ்பேனரைத் தொடவில்லை. நான்காம் தடவை நான்கு எழுத்தும் வரிசையாக எரிந்தன. கேபிள் முனையிலிருந்த ரப்பர் புஷ் நைந்திருந்ததையும் மாற்றினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

டீச்சர் பள்ளி முடிந்து மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பி-யில் சாவி போட்டார், பிடித்தது. மூவார் பக்கம் பாலம் வரை போய்த் திரும்பினார்கள், குலுக்கல் இல்லை. சுவிட்ச் 180 வெள்ளி, கூலி 60. பழைய சுவிட்சை நாளிதழில் சுற்றி ஃபோர்மேன் அவரிடமே கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “மாத்துன சாமான் உங்க சாமான், டீச்சர். யாரு மாத்துனாலும் கேட்டு வாங்குங்க,” என்றார்.